தாழம்பூவின் சாட்சி: பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் ஒரு சீட் கோடும்

ஹெட்போன்ல கேட்டவங்களுக்கும், இப்போ எழுத்துல படிக்கிறவங்களுக்கும் முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது கேம் ரிவ்யூ எபிசோடு இல்லை. 1989-ல வந்த ஒரு கேமுக்கு இன்னைக்கு யாரு ரிவ்யூ கேட்கப் போறீங்க? இது ஒரு சீட் கோடோட வரலாறு. பஸ்ல பிடிக்கிற சீட் இல்லை, ஏமாத்துற சீட். அந்த வரலாற்றோட ஒரு மூலையில நானும் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். அதையும் சொல்லித்தான் ஆகணும்.

எங்க ஊர் திருவண்ணாமலை. உலகத்துல வேற எந்த ஊர் தலபுராணத்துலயும் சீட்டிங் இவ்வளவு மையமா இருக்கான்னு எனக்கு சந்தேகம்தான். கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர்னு சண்டை. சிவன் அடியும் முடியும் தெரியாத ஒரு நெருப்புத் தூணா நிக்கிறார். விஷ்ணு பன்றி வடிவத்துல கீழே தோண்டிட்டே போறார், பிரம்மா அன்னமா மேலே பறந்துட்டே போறார். எங்க பாஷையில சொன்னா, முடிவே இல்லாத ஒரு லெவல், இரண்டு பிளேயர். விஷ்ணு திரும்பி வந்து 'என்னால முடியலை'ன்னு ஒத்துக்கிறார். பிரம்மா மட்டும் வழியில, சிவன் தலையிலிருந்து கீழே விழுந்துட்டு இருந்த ஒரு தாழம்பூவைப் பிடிச்சு, 'நான் உச்சியைப் பார்த்துட்டேன்னு நீ சாட்சி சொல்லு'ங்கிறார். பூவும் சொல்லுது. மாட்டிக்கிறாங்க. பிரம்மாவுக்குக் கோவில் கிடையாது, தாழம்பூ சிவ பூஜைக்கு ஆகாது.

சின்ன வயசுல இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எல்லாருக்கும் தாழம்பூன்னா பொய் சாட்சி. ஸ்கூல்ல யாராவது புளுகினா, "டேய் தாழம்பூ"ன்னு கூப்பிடுவோம். ஆனா ஒரு விஷயத்தை அப்போ நாங்க யோசிச்சதே இல்லை. அந்தப் பூ உண்மையிலேயே உச்சியிலிருந்துதான் வந்துச்சு. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

2008-ல நான் ஏழாம் வகுப்பு. தேரடிக்குப் பக்கத்துச் சந்துல மாடியில ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்துச்சு. கீழே ஜெராக்ஸ் கடை. மேலே டேலியும் டைப்பிங்கும் கத்துக் கொடுப்பாங்க, சாயந்திரம் மிஷின் காலியா இருந்தா எங்களை உட்கார விடுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். அந்த வருஷமே வேற எடத்துல ஜிடிஏ, என்எஃப்எஸ்னு ஓடிட்டு இருந்துச்சு. எங்களுக்குக் கிடைச்சது விண்டோஸ் 98 போட்ட பழைய பெட்டி. அதுல ஓடினது டேவ், ரோட் ரேஷ், அப்புறம் பிரின்ஸ்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. முழுப் பேரை நாங்க யாரும் சொன்னதில்லை. 'பிரின்ஸ்' அவ்வளவுதான்.

விளையாடாதவங்களுக்காகச் சுருக்கமா. ஜாஃபர்னு ஒரு கெட்ட மந்திரி. சுல்தான் ஊர்ல இல்லாத நேரத்துல இளவரசியைப் பிடிச்சு வெச்சு, 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ, இல்லைன்னா ஒரு மணி நேரத்துல சாவு'ன்னு மணல் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறான். நாம பாதாளச் சிறையில, கையில வாள்கூட இல்லாம ஆரம்பிக்கிறோம். 12 லெவல், 60 நிமிஷம். இந்த 60 நிமிஷம் கடிகாரத்துல ஓடுற நிஜமான 60 நிமிஷம். செத்தா லெவலோட ஆரம்பத்துக்குப் போவோம், போன நேரம் திரும்பி வராது.

இப்போ கணக்குப் போடுங்க. கேம்ல ஒரு மணி நேரம். சென்டர்லயும் ஒரு மணி நேரம், 20 ரூபாய். இளவரசிக்கு மணல் தீர்ற அதே நேரத்துல சென்டர் அண்ணா வந்து "தம்பி, டைம் ஆச்சு"ன்னு சொல்லுவார். இதை டிசைன் பண்ண ஆளுக்கே இப்படி ஒரு எஃபெக்ட் வரும்னு தெரிஞ்சிருக்காது.

அந்த ஆள் பேரு ஜோர்டன் மெக்னர். யேல் யுனிவர்சிட்டியில படிக்கும்போதே கராத்தேகான்னு ஒரு கேம் எழுதி, அது 1984-ல வெளிவந்து நல்லா ஓடிச்சு. அடுத்த கேமுக்காக 1985-ல அவர் பண்ண வேலை இன்னைக்கும் எனக்கு ஆச்சரியம். ஸ்கூல் படிக்கிற தம்பி டேவிட்டுக்கு வெள்ளை டிரஸ் மாட்டிவிட்டு, ஊர்ல ஒரு பார்க்கிங் இடத்துல ஓடவும் தாவவும் ஏறவும் வெச்சு வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை டிவியில ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி ஸ்டில் கேமராவுல போட்டோ எடுத்தார். போட்டோவுல மார்க்கரும் ஒயிட்னரும் வெச்சு உருவத்தை மட்டும் பிரிச்சு, அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினார். ஒரு ஓட்டம், ஒரு தாவல் திரையில வர்றதுக்கு இவ்வளவு. வாள் சண்டைக்கு 1938-ல வந்த ராபின் ஹூட் படத்துல எரோல் ஃப்ளின் போடுற சண்டையைப் பார்த்துச் செஞ்சார்.

பிரின்ஸைத் தொட்ட உடனே கைக்குத் தெரியுற வித்தியாசம் இதனாலதான். டேவ்ல பட்டனை அழுத்தினா பொம்மை தாவும், விட்டா நிக்கும். பிரின்ஸ் அப்படி இல்லை. அவனுக்கு உடம்பு இருக்கு, எடை இருக்கு. ஓடிட்டு இருக்கும்போது நிறுத்தினா ரெண்டு அடி சறுக்கித்தான் நிப்பான். திரும்பறதுக்கு நேரம் எடுத்துப்பான். முதல் நாள் விளையாடறவன் எல்லாரும் "மிஷின் ஸ்லோவா இருக்குண்ணா"ன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணுவான். மிஷின் ஸ்லோ இல்லை. நம்ம விரல்தான் அவசரம்.

இதுல சென்டர்ல ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக் கொடுத்த டிப்ஸ் எல்லாம் அந்த அவசரத்தை அடக்கற டிப்ஸ். ஷிஃப்டை அழுத்திட்டு அம்புக்குறியை அழுத்தினா அளந்து ஒரு எட்டு வைப்பான், விளிம்புக்குச் சரியாப் போய் நிப்பான். ஈட்டிப் பள்ளத்து மேல ஓடினா குத்திச் சாவான், மெதுவா நடந்தா ஈட்டிக்கு நடுவுலயே போயிடலாம். இது தெரியாம நான் முதல் வாரம் முழுக்க ஓடிச் செத்தேன். வாள் சண்டையில முதல்ல பாயாதே, அவனை வரவிடு, மேல் அம்பை அழுத்தித் தடு, தடுத்த கையோட குத்து. மூணாவது லெவல் எலும்புக்கூட்டை எவ்வளவு குத்தினாலும் சாகாது, பின்னாடியே தள்ளிட்டுப் போய்ப் பள்ளத்துல விழவைக்கணும். நாலாவதுல வழியை மறைச்சுட்டு ஒரு கண்ணாடி நிக்கும். எப்படிப் போறதுன்னு எங்க கூட்டத்துல யாருக்கும் புரியலை. டேலி கிளாஸுக்கு வர்ற ஒரு அக்கா எட்டிப் பார்த்துட்டு, "ஓடி வந்து கண்ணாடிக்குள்ளேயே தாவுடா"ன்னாங்க. தாவினேன். கண்ணாடியிலிருந்து இன்னொரு பிரின்ஸ் எதிர்ப்பக்கமா வெளியே குதிச்சு ஓடிட்டான். என் உயிர்க்கோடு ஒண்ணே ஒண்ணா நின்னுச்சு. அக்கா சிரிச்சுட்டே கிளாஸுக்குப் போயிட்டாங்க.

அந்த நிழல் ஆள் எப்படி வந்தான்னு பின்னாடி படிச்சேன். மெக்னர் கேமை எழுதினது ஆப்பிள் 2 மிஷினுக்கு. பிரின்ஸோட அசைவுகளே அதோட மெமரி முழுக்க அடைச்சுக்கிச்சு, எதிரின்னு வேற உருவம் வரைய எடம் இல்லை. கேம்ல சண்டை வேணும்னு கூட வேலை பார்த்த டோமி பியர்ஸ் விடாம சொல்லிட்டே இருந்தாங்க. கடைசியில பிரின்ஸோட படத்தையே ஒரு பிக்சல் நகர்த்தி அதன் மேலயே எக்ஸ்-ஆர் போட்டார். பளபளன்னு ஒரு நிழல் உருவம் வந்துச்சு. மெமரிச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். பட்ஜெட் இல்லாத டைரக்டர் ஹீரோவையே டபுள் ஆக்ட் பண்ணவெச்ச மாதிரி. அப்புறம் காவலாளிகளுக்கும் எப்படியோ எடம் பிடிச்சார்.

1989 அக்டோபர்ல ப்ரோடர்பண்ட் கம்பெனி வெளியிட்டப்போ ஆப்பிள் 2-வோட காலமே முடிஞ்சுட்டு இருந்துச்சு. முதல்ல பெருசா ஓடலை. 1990-ல டாஸுக்கு வந்தது, அப்புறம் மற்ற மிஷின்களுக்கும் போச்சு. அந்த டாஸ் பதிப்புதான் ஃப்ளாப்பி ஃப்ளாப்பியா காப்பி ஆகி எங்க தேரடிச் சந்து வரைக்கும் வந்துச்சு.

காப்பின்னு சொல்லும்போது ஒரு ரூமைப் பத்திச் சொல்லணும். அசல் டாஸ் பதிப்புல முதல் லெவல் முடிஞ்ச உடனே புட்டிகள் வெச்ச ஒரு இடம் வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. கேமோட பெட்டிக்குள்ள வந்த கையேட்டுல இந்தப் பக்கம், இந்த வரி, இந்த வார்த்தை, அதோட முதல் எழுத்து உள்ள புட்டியைக் குடின்னு கேட்கும். காசு கொடுத்து வாங்கினவன்கிட்ட புத்தகம் இருக்கும், குடிச்சுட்டுக் கதவைத் திறந்து போவான். இல்லாதவன் அங்கேயே நிக்கணும். அதாவது அந்தப் பூட்டு எங்களைப் போல ஆட்களுக்காகவே போட்டது. சென்டர்ல இருந்த காப்பியில அந்த ரூமே வரலை. யாரோ ஒருத்தர், எந்த நாட்டுலயோ, அதை உடைச்சு எடுத்திருந்தார்.

அதனால எங்க கைக்கு வந்தது பெட்டி இல்லாத, புத்தகம் இல்லாத, பேர்கூடப் பாதி போன ஒரு கேம். ஷிஃப்ட் எதுக்கு, கண்ட்ரோல்-ஜி எதுக்குன்னு எழுதின காகிதம் எதுவும் கூட வரலை. சென்னையில இருந்தவங்களுக்காவது டிஜிட் பத்திரிகை, அதோட சிடி, ஸ்கோர் இதழ்ல வர்ற சீட் கோடு பக்கம் எல்லாம் கிடைச்சுது. எங்களுக்கு எல்லாமே வாய்வழிச் செய்திதான். பாட்டி வைத்தியம் மாதிரி. யாரோ சொன்னாங்க, வேலை செஞ்சுது, அடுத்தவனுக்குச் சொன்னோம்.

சேவ் பண்ற விஷயத்தையே எடுத்துக்கோங்க. மூணாவது லெவல்ல இருந்து கண்ட்ரோல்-ஜி அழுத்தினா கேம் சேவ் ஆகும். ஆனா ஒரு மிஷினுக்கு ஒரே ஒரு சேவ்தான். நான் எட்டாவது லெவல்ல, 31 நிமிஷம் மீதியோட சேவ் பண்ணிட்டுப் போவேன். மறுநாள் வந்து பார்த்தா யாரோ ஒரு எல்.கே.ஜி. பையன் மூணாவது லெவல்ல 12 நிமிஷத்தோட சேவ் பண்ணி வெச்சிருப்பான். கரண்ட் கட் வேற. 2008-ல தமிழ்நாட்டுல கரண்ட் எப்படி இருந்துச்சுன்னு உங்க அப்பா அம்மாவைக் கேளுங்க. பௌர்ணமி அன்னைக்கு இன்னொரு தொல்லை, கிரிவலக் கூட்டத்துல தேரடிப் பக்கம் சைக்கிளே நுழையாது.

இப்படி ஒரு நிலைமையில 'சீட் கோடு இருக்கு'ன்னு ஒருத்தன் வந்து சொன்னா எப்படி இருக்கும்!

சொன்னவன் என் கிளாஸ்மேட். பேரு வேண்டாம். அரையாண்டு லீவுக்கு வேலூர்ல சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டு வந்தான். அங்கே சித்தப்பா பையன் கம்ப்யூட்டர்ல பிரின்ஸை முடிச்சுட்டானாம். இளவரசியைக் கண்ணால பார்த்தானாம். "எப்படிடா?"ன்னா, "மெகாஹிட்"ங்கிறான். நாங்க எல்லாரும் சிரிச்சுட்டோம். மெகா ஹிட்னா எங்களுக்கு பாலசுப்பிரமணியர் தியேட்டர் போஸ்டர்ல போடற வார்த்தை. ஒரு அமெரிக்க கேமுக்கு எவனாவது அப்படிப் பாஸ்வேர்டு வைப்பானா?

அவன் விடலை. டாஸ் திரைக்குப் போய், பிரின்ஸ்னு டைப் பண்ணி, ஒரு எடம் விட்டு, மெகாஹிட்னு டைப் பண்ணி என்டர் தட்டணும். அப்புறம் ஷிஃப்டும் எல்லும் சேர்த்து அழுத்தினா அடுத்த லெவல். கே அழுத்தினா எதிர்ல நிக்கிற காவலாளி செத்துடுவான். ஷிஃப்டும் டி-யும் உயிர்க்கோட்டைக் கூட்டும். பிளஸ் அழுத்தினா நேரம் கூடும். ஷிஃப்டும் ஐ-யும் அழுத்தினா திரையே தலைகீழா நிக்கும். ஒவ்வொண்ணா விரல் விட்டுச் சொன்னான். இவ்வளவு விவரமாப் புளுக முடியுமான்னு எனக்கே ஒரு சந்தேகம் வந்துச்சு.

சனிக்கிழமை ஆறேழு பேர் சேர்ந்து போனோம். ஆளுக்கு மூணு ரூபாய் போட்டு ஒரு மணி நேரம் வாங்கினோம். சென்டர் அண்ணா டாஸ் திரையைத் திறந்து கொடுத்தார். அவன் டைப் பண்ணான். கேம் வழக்கம் போல ஓப்பன் ஆச்சு. ஷிஃப்டும் எல்லும் அழுத்தினான்.

இரண்டாவது லெவல் வந்துச்சு!

சென்டரே அதிர்ந்துச்சு. திரும்ப அழுத்தினான், மூணாவது. திரும்ப, நாலாவது. அடுத்து அழுத்தினான். எதுவும் நடக்கலை. இன்னொரு தடவை. ம்ஹூம். கே அழுத்தினான், காவலாளி நல்லா உயிரோட வந்து குத்திட்டுப் போனான். பிளஸ், ஒண்ணும் இல்லை. அப்போதான் ஒருத்தன் நேரத்தைப் பார்த்தான். ஸ்பேஸ் பார் தட்டினா மீதி நேரம் தெரியும். ஆரம்பிச்சு ஒரு நிமிஷம்கூட ஆகலை, ஆனா மீதி 15 நிமிஷத்துக்கும் கீழே.

அவ்வளவுதான். "எங்க நேரத்தையும் தின்னுட்டான்டா"ன்னு ஆரம்பிச்சாங்க. முதல் மூணு லெவலுக்கு எப்படி வேலை செஞ்சுதுன்னு யாரும் கேட்கலை. "வேலூர்ல வேலை செஞ்சுதுடா, சத்தியமா"ன்னு அவன் சொல்லச் சொல்ல எங்களுக்குக் கொண்டாட்டம். "தாழம்பூ"ன்னு பேரு வெச்சது யாருன்னு கேட்டீங்கன்னா, நான்தான். அது ஒட்டிக்கிச்சு. பத்தாவது வரைக்கும் அவனுக்கு அதுதான் பேரு. அட்டென்டன்ஸ் எடுக்கும்போது பின்னாடியிலிருந்து எவனாவது முணுமுணுப்பான். அவன் அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் சென்டர் பக்கம் வரவே இல்லை.

பல வருஷம் கழிச்சு, சென்னையில என் ரெண்டாவது வேலை. ஒரு கஸ்டமர் இடத்துல ஒரு பட்டன் வேலை செய்யலை, எங்க மிஷின்ல அதே பட்டன் ஜம்முனு வேலை செய்யுது. மூணு நாள் தலையைப் பிச்சுக்கிட்டோம். கஸ்டமர் பொய் சொல்றான்னு டீம்ல ஒருத்தன் சொல்லவே சொல்லிட்டான். கடைசியில பார்த்தா அவங்க இடத்துல இருந்தது வேற வெர்ஷன். அன்னைக்கு ராத்திரி பைக்ல வீட்டுக்கு வரும்போது, கத்திப்பாரா மேம்பாலத்து மேல, எனக்கு பளிச்சுனு பிரின்ஸ் ஞாபகம் வந்துச்சு. வெர்ஷன்!

வீட்டுக்கு வந்ததும் தேடினேன். பிரின்ஸோட டாஸ் பதிப்பு ஒண்ணு இல்லை. 1.0 உண்டு, அப்புறம் வந்த 1.3, 1.4 உண்டு. 1.0-ல சீட் திறக்கிற வார்த்தை மெகாஹிட். 1.3-லயும் 1.4-லயும் அதை மாத்திட்டாங்க. அதுல வார்த்தை 'இம்ப்ரூவ்டு'. அவன் சித்தப்பா வீட்டுல இருந்தது பழசு, எங்க சென்டர்ல இருந்தது புதுசு. வேற எந்த விளக்கமும் அன்னைக்கு நடந்ததோட பொருந்தாது.

அந்த மூணு லெவலுக்கும் விடை கிடைச்சுது. சீட் வார்த்தையே இல்லாட்டியும் ஷிஃப்ட்-எல் வேலை செய்யும், ஆனா நாலாவது லெவல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். அப்படித் தாவினா அபராதமா மீதி நேரத்தை 15 நிமிஷத்துக்கு இறக்கிடும். அன்னைக்கு நாங்க பார்த்த எல்லாமே கேம் அதோட விதிப்படி சரியா நடந்துக்கிட்டதுதான். எங்க சாட்சி மட்டும்தான் தப்பு.

இதுல எனக்கு ரொம்ப வலிச்சது எதுன்னா, கண்ட்ரோல்-வி. கேம் ஓடும்போது கண்ட்ரோலும் வி-யும் அழுத்தினா திரைக்கு அடியில வெர்ஷன் நம்பர் வரும். ரெண்டு விரல், ஒரு நொடி. வேலூருக்கு ஒரு போன் போட்டு அங்கேயும் அழுத்தச் சொல்லியிருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும். ஆனா வெர்ஷன்னு ஒண்ணு இருக்குங்கிறதே எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு பிரின்ஸ்னா பிரின்ஸ், ஒரே பிரின்ஸ். பெட்டியும் புத்தகமும் இல்லாம வந்த அறிவுல இதுதான் பிரச்சனை. சொன்ன வார்த்தை வந்து சேரும், அது எந்த நிலைமையில உண்மைங்கிறது வழியிலேயே உதிர்ந்துடும்.

சீட் கோடுன்னாலே ஏமாத்தறதுக்குன்னு நினைக்கிறோம் இல்லையா, அதுவும் அப்படி இல்லை. பெரும்பாலும் அது எழுதினவங்களே தங்களுக்காக வெச்ச பின்வாசல். ஒன்பதாவது லெவல்ல ஒரு கதவு சரியாத் திறக்குதான்னு பார்க்க, ஒவ்வொரு தடவையும் முதல் லெவல்ல இருந்து விளையாடவா முடியும்? ஜப்பான்ல கொனாமி கம்பெனியில கசுஹிசா ஹாஷிமோட்டோன்னு ஒருத்தர், கிரேடியஸ் கேமை நின்டெண்டோவுக்கு மாத்தும்போது, கேம் ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தனக்காக ஒரு குறுக்குவழி வெச்சார். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. 1986-ல கேம் வெளிய போகும்போது அது உள்ளேயே இருந்துச்சு. பிறகு கான்ட்ராவுல அதே கோடு 30 உயிர் கொடுத்தது. டிவி கேம் வெச்சிருந்த வீட்டுக் குழந்தைங்க எல்லாருக்கும் மனப்பாடம். எழுதினவரோட சோம்பேறித்தனம், உலகத்துக்கே மந்திரம்.

பிரின்ஸோட சீட்களையும் இப்போ என் கண்ணோட பார்த்தா வேற மாதிரி தெரியுது. சி அழுத்தினா ரூம் நம்பர் வரும். ஹெச், ஜே, யூ, என் அழுத்தினா பக்கத்து ரூமை எட்டிப் பார்க்கலாம். இதெல்லாம் விளையாடறவனுக்கு என்னத்துக்கு? லெவல் கட்டினவன் சுவரைத் தட்டிப் பார்க்கிற சுத்தியல் அது. வேலூர்ல அவன் பார்த்தது ஏமாத்துற வழியை இல்லை, சாரத்தை. கோபுரம் கட்டும்போது கட்டுவாங்களே, அந்தச் சாரம்.

ஒரு நாள் மெக்னரோட அசல் நிரலையும் திறந்து பார்த்தேன். அது தப்பிப் பிழைச்சதே அதிர்ஷ்டம்தான். ஆப்பிள் 2 பதிப்போட நிரல் எங்கேன்னு மெக்னருக்கே பல வருஷம் தெரியாது. 2012-ல அவர் அப்பா பிரான்சிஸ் வீட்டு அலமாரியில ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அனுப்பிவெச்சார். கேமுக்கு இசை போட்டவரும் அந்த அப்பாதான். பெட்டிக்குள்ள இருந்த பழைய ஃப்ளாப்பிகளை ஜேசன் ஸ்காட்டும் டோனி டியாஸும் சேர்ந்து படிச்செடுத்தாங்க. அந்த ஏப்ரல்லயே மெக்னர் முழுசையும் கிட்ஹப்ல போட்டுட்டார். அசெம்பிளி நிரல், அதுல விசேஷ விசைகளைக் கவனிக்கிற கோப்புக்கு ஸ்பெஷல்-கே-ன்னு பேரு வெச்சிருக்கார். அமெரிக்காவுல காலையில பால் ஊத்திச் சாப்பிடற ஒரு டப்பாவோட பேரு. ராத்திரி ரெண்டு மணிக்கு அதைப் பார்த்துத் தனியாச் சிரிச்சேன்.

அப்பா வீட்டு அலமாரியில ஒரே ஒரு பெட்டி, அதைத் தூக்கிப் போட்டிருந்தா அசல் நிரல் போச்சு. அதே சமயம் திருட்டுக் காப்பியா போன டாஸ் கேம், உலகம் முழுக்க எத்தனை சென்டர்ல, எத்தனை பெட்டியில பத்திரமா இருந்துச்சுன்னு யோசிங்க. திருட்டை நியாயப்படுத்தலை. நானே சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்கறவன், எவனாவது என் லைசென்ஸை உடைச்சா எனக்கும் கோபம் வரும். ஆனா அந்தப் புட்டி ரூமை யாரும் உடைக்கலைன்னா திருவண்ணாமலையில பிரின்ஸ் இரண்டாவது லெவலுக்கே போயிருக்க மாட்டான்ங்கிறதும் உண்மை. இந்த ரெண்டையும் என்னால இன்னும் ஒரே தட்டுல வைக்க முடியலை.

இப்போ நிலைமை மாறிடுச்சு. 2024-ல யூபிசாஃப்ட் வெளியிட்ட தி லாஸ்ட் கிரவுன்ல, தாவ முடியாத கஷ்டமான இடத்தைக் கடந்து போறதுக்கு செட்டிங்ஸ்லயே ஒரு ஆப்ஷன் இருக்கு. டிக் போட்டா கதவு மாதிரி ஒண்ணு திறந்து அந்தப் பக்கம் விட்டுடும். யாரும் அதை சீட்னு சொல்றதில்லை. நல்ல விஷயம்தான். எனக்கு மட்டும் கொஞ்சம் பொறாமை.

வெர்ஷன் விஷயம் தெரிஞ்ச வாரமே அவன் நம்பரைத் தேடிப் பிடிச்சேன். ஓசூர்ல ஒரு தொழிற்சாலையில ஷிஃப்ட் வேலை. ஸ்கூல் முடிச்சப்புறம் பேசினதே இல்லை. நலம் விசாரிப்பு எல்லாம் முடிஞ்சு, சுத்தி வளைச்சு விஷயத்துக்கு வந்தேன். 1.0, 1.3, இம்ப்ரூவ்டு, எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறந்திருப்பான்னு நினைச்சேன்.

"எனக்குத் தெரியும்டா"ன்னான்.

"எது?"

"நான் பொய் சொல்லலைன்னு."

அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. சாரிடான்னு சொன்னேன். "சரி விடு"ன்னான். அப்புறம் அவனே ஒண்ணு சொன்னான். வேலூர்ல அவன் சித்தப்பா பையன் ஷிஃப்ட்-எல் தட்டித் தட்டித்தான் கடைசி வரைக்கும் போனானாம். 12-வது லெவல்ல அந்த நிழல் ஆள் வாளோட வந்து நின்னான். குத்தினா இவன் உயிர்தான் போகுது. அங்கே என்ன பண்றதுன்னு தெரியாம அதையும் ஷிஃப்ட்-எல் போட்டுத் தாண்டிட்டாங்க. "அந்த எடத்துல என்னதான்டா பண்ணணும்?"னு கேட்டான். பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, அவனுக்கு அந்தக் கேள்வி அப்படியே இருக்கு.

எனக்கு விடை தெரியும். சொல்லலை. நேர்ல காட்டறேன்னு சொன்னேன். தீபத்துக்கு ஊருக்கு வர்றானாம். லேப்டாப்ல 1.0, 1.3 ரெண்டையும் போட்டு வெச்சிருக்கேன், முதல்ல மெகாஹிட் போட்டு ஓட்டிக் காட்டணும், அது அவனோட பாக்கி.

விளையாடாம இருக்கிறவங்க இதோட நிறுத்திக்கோங்க, அடுத்த வரி ஸ்பாய்லர். 12-வது லெவல்ல நிழல் வந்தா கீழ் அம்பை அழுத்தி வாளை உறையில போடணும். அவனும் போடுவான். அப்புறம் அவனை நோக்கி நடக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவாங்க. அதுக்கப்புறம் முன்னாடி வெறும் பள்ளம்தான் இருக்கும். நம்பி ஓடுங்க, காலுக்கு அடியில தரை வரும்.